நெடுந்தூரச் சைக்கிள் பயணம்: புறப்படுமுன் செய்ய வேண்டியவை

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் சைக்கிளைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. நம் பள்ளியில் படித்து இன்று வேலைக்குப் போகும் இளைஞர் நால்வர், 200 கிலோமீட்டர் சைக்கிள் பயணம் ஒன்றிற்குப் பெயர் கொடுக்க விரும்புகிறார்கள். ஏறக்குறைய கோலாலம்பூரிலிருந்து ஈப்போ போகிற தூரம். அவர்களுடைய தாய்மார்கள் என்னிடம் வந்து, "சார், லோரி ஓடுற ரோட்டுல இவ்வளவு தூரம் போகணுமா? நீங்களே வேணாம்னு சொல்லிடுங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதற்குப் பதிலை இச்சபையிலேயே சொல்வது நல்லது என்று எண்ணுகிறேன்.

2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் தேதி பின்னிரவில், ஜொகூர் பாருவில் கார் மோதி எட்டுச் சிறுவர்கள் மாண்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 'பாசிக்கல் லாஜாக்' என்று சொல்லும் மாற்றியமைத்த சைக்கிள்களில் அவர்கள் சாலையில் இருந்தார்கள். அந்த மாதிரி சைக்கிள்களில் பெரும்பாலும் பிரேக் இராது, விளக்கும் இராது. யார் மேல் குற்றம் என்று பேச நான் வரவில்லை. எட்டு வீட்டில் பெற்ற வயிறு எரிந்தது. துணிச்சல் மட்டும் ஒருவனைக் காப்பாற்றாது, ஆயத்தம்தான் காப்பாற்றும். ஆகவே, "போகாதே" என்று சொல்வதைவிட, "ஆயத்தமாகிப் போ" என்று சொல்வதே என் கட்சி.

முதலில் இது எப்படிப்பட்ட பயணம் என்று சொல்லிவிடுகிறேன். 'அவுடாக்ஸ்' என்பது பிரான்ஸ் நாட்டிலிருந்து பரவிய முறை. இது பந்தயம் அல்ல. 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்திற்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். வழியில் குறிப்பிட்ட இடங்களில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற வரிசையே கிடையாது. நேரத்திற்குள் முடித்தவர் எல்லாரும் ஒன்றுதான்.

பிள்ளைகளே, ஒரு கணக்கு. 200ஐ 13½ஆல் வகுத்தால் மணிக்கு 15 கிலோமீட்டர்கூட வரவில்லை. காலையில் காட்டுக்கு வேலைக்குப் போகும் உங்கள் தாத்தா அந்த வேகத்தில் மிதித்திருப்பார். மணிக்கு 20 கிலோமீட்டர் போகிறவருக்குப் பத்து மணி நேரம் மிதிக்கும் வேலை. மிச்சம் மூன்றரை மணி நேரம் சாப்பிடவும், இளைப்பாறவும், டியூப் மாற்றவும் இருக்கிறது. ஆக, வேகம் பெரிதல்ல. பத்து மணி நேரம் உடம்பும் வண்டியும் தாங்குமா என்பதுதான் கேள்வி.

உடம்பு ஒரே நாளில் தாங்காது. தைப்பூசத்திற்குக் காவடி எடுப்பவர் அன்று காலையில் நினைத்துக்கொண்டு எடுப்பதில்லை. பல நாள் விரதமிருந்து உடலையும் மனத்தையும் பழக்கித்தான் எடுக்கிறார். இதுவும் அப்படித்தான். வார நாள்களில் இரண்டு மூன்று நாள் ஒரு மணி நேரம் மிதித்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீண்ட ஓட்டம். முதல் ஞாயிறு 50 கிலோமீட்டர். பிறகு வாரத்திற்குப் பத்தில் ஒரு பங்கு மட்டும் கூட்டுங்கள். பன்னிரண்டாவது நீண்ட ஓட்டம் ஏறக்குறைய 140 கிலோமீட்டர் ஆகிவிடும். மூன்று வாரம் கூட்டியபின் ஒரு வாரம் குறைத்து ஓட வேண்டும்; உடம்பு தேறுவது அந்த வாரத்தில்தான். கடைசி வாரமும் அப்படிக் குறைக்கிற வாரமே. மொத்தம் 16 வாரம். 140ஐ முடித்தவருக்கு 200 எட்டாத தூரமல்ல. நாற்பதைத் தாண்டியவர்களும், இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் தொடங்குமுன் கிளினிக்கில் காட்டிக் கேட்டுக்கொள்ளட்டும்.

அடுத்தது வண்டி. விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை; அளவு பொருந்திய சைக்கிள் தேவை. சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முட்டி வலிக்கும்; உயர்ந்திருந்தால் இடுப்பு ஆடும். பிரேக் கட்டை, டயர், செயின் மூன்றையும் ஒரு வாரம் முன்பே பாருங்கள். கூட எடுத்துப்போக வேண்டியவை: டியூப் இரண்டு, டயர் கழற்றும் நெம்பி, பஞ்சர் ஒட்டும் சாமான், பம்பு. டியூப் மாற்றுவதை வீட்டு வாசலில் பத்துத் தடவை செய்து பழகுங்கள். மழையில், ரோட்டோரத்தில், கை நடுங்கும்போது அந்தப் பழக்கம்தான் உதவும். பயணத்தன்று புதிதாக எதையும் போடக் கூடாது. புதுச் செருப்போடு பத்துமலைக்கு நடந்தவரைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்.

மூன்றாவது சாப்பாடு. நன்றாகப் பசியாறிவிட்டுக் கிளம்புங்கள். பசி வந்தபின் தின்றால் காலம் கடந்துவிடும். மணிக்கு ஒரு வாழைப்பழமும் இரண்டு துண்டு ரொட்டியும் போதுமானது. நம் வெயிலில் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வியர்வையில் உப்பும் போவதால் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பதும் நல்லதல்ல. உப்பு கலந்த பானமோ உப்புப் பண்டமோ சேர வேண்டும்.

நான்காவது சாலை. கட்டண நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை; பழைய சாலைகள்தான் நமக்கு. காலை 6 மணிக்குக் கிளம்பினால் கடைசி நேரம் இரவு 7.30. இரண்டு முனையிலும் இருட்டு உண்டு. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, தலைக்கவசம், பளிச்சென்ற சட்டை நான்கும் கட்டாயம். இடப்பக்கமாக, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். மழையில் சாலையின் வெள்ளைக் கோடு வழுக்கும். இடி மின்னல் வந்தால் மரத்தடி வேண்டாம். கடையோ கட்டடமோ பார்த்து ஒதுங்குங்கள்.

கடைசி ஆயத்தம் மனத்தில். எந்த நிலையில் நிறுத்தித் திரும்புவது என்று வீட்டில் இருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். தலை சுற்றினால், வெயிலில் வியர்வை நின்று போனால், கண் சொருகினால் நிறுத்து. வீட்டுக்குப் போன் செய். திரும்பி வருவது தோல்வியல்ல. அடுத்த மாதமும் அதே சாலை அங்கேதான் இருக்கும்.

தாய்மார்களே, உங்கள் மகன் அனுமதி கேட்டால் உடனே மறுக்காதீர்கள். பதினாறு வாரக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். விளக்கை எரித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் கண் முன்னே ஒரு டியூப் மாற்றச் சொல்லுங்கள். எங்கே நிறுத்துவாய் என்று கேளுங்கள். நான்கிற்கும் பதில் இருந்தால் ஆசீர்வதித்து அனுப்புங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும், "இன்னும் நாள் இருக்கு, அடுத்த தடவை போ" என்று சொல்லுங்கள்.

சின்னப் பிள்ளைகளே, நீங்கள் பெரிய ரோட்டுக்குப் போக வேண்டாம். பிரேக் பிடிக்கிறதா என்று தினமும் பார்க்கக் கற்றுக்கொண்டால் இப்போதைக்குப் போதும். இன்று மேடைக்கு வந்து பரிசு வாங்காத பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. முதல், இரண்டாவது என்று எண்ணாத பயணங்களும் உலகத்தில் உண்டு. பாரிஸ் நகரிலிருந்து பிரெஸ்ட் வரை போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் பயணம் 1891இல் பந்தயமாகத் தொடங்கியது. இன்று அதில் 90 மணி நேரத்தில் வந்து சேர்பவருக்கும் முன்னால் வந்தவருக்கும் ஒரே மரியாதைதான். வாரம் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். பாடத்திலும் அது நடக்கும்.