தோழியின் இடுப்பு மூட்டும் நாம் படித்த பௌதிகவியலும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



உயர்தர விஞ்ஞான வகுப்பில் ஒரே வாங்கில் இருந்த நாங்கள் ஐந்து பேர். எங்களில் ஒருத்திக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. தண்டு தைத்தேனியக் கலப்புலோகம், அதன் தலையிலுள்ள உருண்டை செரமிக் என்று வைத்தியர் சொன்னதும் அவள் பயந்துபோனாள். "என்னடி, தேத்தண்ணிக் கோப்பையையோ எனக்குள்ள வைக்கப்போறாங்கள்? எல்லாத்தையும் உலோகத்திலேயே செய்தால் என்ன?" என்று கேட்டாள். சத்திரசிகிச்சையே வேண்டாம் என்றாள்.

பதில் சொல்ல நாங்கள் பழைய பாடத்தைப் புரட்டவேண்டியதாயிற்று.

அந்தக் கலப்புலோகத்தில் நூற்றுக்கு 6 பங்கு அலுமினியம், 4 பங்கு வனேடியம், மீதி தைத்தேனியம். அதன் யங்கின் மட்டு ஏறத்தாழ 110 கிகா பஸ்கால். உருக்குக்கு 200, அலுமினா செரமிக்குக்கு 380 அளவில். எலும்புக்கோ 20தான். தண்டு மிக விறைப்பாக இருந்தால் சுமையைத் தானே தாங்கிவிடும். வேலையில்லாத எலும்பு மெலியும். எனவே தண்டுக்குத் தைத்தேனியம் பொருத்தம்.

ஆனால் அது உராய்வில் தேயும். சில்வர் பேணியில் ஊசியால் கீறினால் கோடு விழும். பீங்கான் கோப்பையில் விழாது. நாளெல்லாம் கிண்ணத்துக்குள் உருளும் உருண்டைக்கு அந்த வன்மையே தேவை. 1970இல் பிரான்சில் பியர் பூத்தான் என்ற வைத்தியர் செரமிக்கை இடுப்பு மூட்டில் முதன்முதல் பொருத்தியதும் அதற்காகவே.

குறையையும் நாங்கள் மறைக்கவில்லை. பேணி விழுந்தால் நெளியும், கோப்பை உடையும். வெடிப்புப் பரவாமல் தாங்கும் திறனில் அலுமினாவைவிடத் தைத்தேனியக் கலப்புலோகம் பத்து மடங்குக்கும் மேல். செரமிக் உருண்டை உடைவது அரிது; உடைந்தால் துண்டுகளை அகற்றுவது கடினம். இப்போது அலுமினாவுடன் சேர்க்கோனியா கலந்து அந்தக் குறையைக் குறைத்திருக்கிறார்கள்.

தைத்தேனியத்தைத் தரும் இல்மனைற்றும், சேர்க்கோனியாவைத் தரும் சேர்க்கோனும் எங்கள் புல்மோட்டைக் கறுப்பு மணலில் ஒன்றாகவே கிடக்கின்றன என்றும் சொன்னோம். அவள் சிரித்தாள். முடிவை இரண்டு நாள் கழித்து அவளே எடுத்தாள்.

இன்று மண்டபப் படிகளை ஊன்றுகோல் இல்லாமல் ஏறிவந்து முன்வரிசையில் இருக்கிறாள். இந்தப் பாடசாலை எங்களுக்குக் கற்பித்தது பரீட்சைக்கு மட்டுமல்ல என்று அவளைப் பார்க்கும்போது உணர்கிறோம்.