ஆலப்புழை போய் வந்த கணக்கு

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப் பொறுப்பாளர் பேசியது)



ஆலப்புழை போய் வந்த கதையைப் போன கூட்டத்திலேயே கேட்டீர்கள். நல்லதை மட்டும் சொன்னால் கணக்கு நேராகாது. முழுசாகவே சொல்லிவிடுகிறோம்.

மேலூர் பக்கத்து இரண்டு குழுக்களில் இருந்து 22 உறுப்பினர்கள் கிளம்பினார்கள். ஆளுக்கு மாதம் 100 ரூபாய் வீதம் 18 மாதம் சேர்த்த பணம், மொத்தம் 39,600. நூறு நாள் வேலைக் கூலியிலும் பால் காசிலும் மிச்சம் பிடித்தது. “பொம்பளைகளுக்கு என்ன டூரு?” என்ற பேச்சையும் கேட்டுக்கொண்டுதான் சேர்த்தார்கள்.

முதல் தப்பு, மாதம். கார்த்திகையில் போனோம். ஐயப்ப சீசனில் கம்பத்தில் வண்டிகளைக் குமுளிக்கு விடாமல் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். திரும்பும்போதுதான் குமுளிப் பாதை. இதை நாங்கள் விசாரிக்கவில்லை. ராத்திரி பூரா மலை வளைவு, வாந்தி. வழியில் ஒதுங்க இடம் கிடைக்காதே என்று பல பேர் தண்ணீரே குடிக்கவில்லை. முண்டக்கயம் தாண்டி ஒரு அக்காவுக்குக் கண் இருட்டிவிட்டது. பெட்ரோல் பங்கில் நிறுத்தி, கழிப்பறை சாவி கேட்டு வாங்கி, உப்புக் கரைசல் கொடுத்த பிறகுதான் தெளிந்தார். எந்தெந்த இடத்தில் நிறுத்துவது என்று கிளம்பும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டியது எங்கள் வேலை.

ஒன்பது மணிப் படகுக்குப் பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்தப் படகுக்கு ஒரு தரகரிடம் போனிலேயே பேசி 5,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பியிருந்தோம். “நேரம் போச்சு, படகும் போச்சு” என்றார். பணத்தைக் கேட்டால் ரசீது எங்கே என்றார். சந்தாவில் அஞ்சு ரூபாய் குறைந்தாலும் நோட்டில் எழுதச் சொல்கிறவர்கள் நாங்கள். எங்களிடம் ரசீது இல்லை.

படித்துறையிலேயே சத்தம் வந்துவிட்டது. அப்புறம் அங்கிருந்த டீக்கடைக்காரர்தான் சொன்னார், கோட்டயத்துக்கு அரசுப் படகு போகிறது என்று. இரண்டரை மணி நேரம், தலைக்கு முப்பது ரூபாய்க்குள். வண்டியைக் கோட்டயத்துக்கு ரோட்டு வழியாக அனுப்பிவிட்டுப் படகில் ஏறிவிட்டோம். ஊர் திரும்பும் வழியும் அதுதானே.

அந்தப் படகில் ஏறினது நல்லதாகப் போச்சு. அது டூர் படகு இல்லை, அந்த ஊர் ஜனங்களின் பஸ். வேம்பநாட்டுக் காயலைத் தொட்டுப் போகும்போது இரண்டு பக்கமும் வரப்புக்கு அந்தப்புறம் நாற்று. படகில் இருந்து வயலைக் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது! குட்டநாட்டில் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிற பள்ளத்தில் நெல் போடுகிறார்கள். சேற்றால் வரப்பு எடுத்து, மோட்டார் வைத்துத் தண்ணீரை வெளியே இறைத்துவிட்டு விதைக்கிறார்கள். கள்ளந்திரி மதகு எப்போது திறப்பார்கள் என்று காத்துக் கிடக்கிற நம்மவர்களுக்கு நம்பவே முடியவில்லை. “இறைச்சு வெளியே விடுறாங்களா?” என்று ஒரு பாட்டி மூணு தடவை கேட்டார்.

பக்கத்தில் ஒரு அம்மா தண்ணீர் கேனோடு உட்கார்ந்திருந்தார். “குடிக்கான் வெள்ளம் இல்லா” என்றார். நம்மவர்கள் சிரித்துவிட்டார்கள், வெள்ளத்துக்கு நடுவில் வெள்ளம் இல்லையா என்று. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீராம். கோடையில் உப்பு ஏறுகிறது, வயல் மருந்தும் கலக்கிறது, குடிக்க விலைக்குத்தான் வாங்க வேண்டும் என்று அவர் சொன்னதும் சிரிப்பு நின்றுபோச்சு. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் வீட்டைப் போட்டுவிட்டு முகாமில் கிடந்ததையும் சொன்னார். அவரும் குடும்பஸ்ரீ உறுப்பினர். 1998இல் தொடங்கிய அமைப்பு அது. நம் குழுவை அங்கே அயல்கூட்டம் என்கிறார்கள். வட்டி என்ன, கடன் எத்தனை மாதம் என்று பேச ஆரம்பித்தவர்கள் கோட்டயம் வந்தும் இறங்க மனசில்லாமல் நின்றார்கள்.

திரும்பும்போது லோயர் கேம்பில் இறங்கி, 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் நம் பக்கம் வருகிற வழியைக் காட்ட நினைத்திருந்தோம். இருட்டிவிட்டது. விளக்குதான் தெரிந்தது.

ஊர் வந்ததும் கணக்கு எழுத உட்கார்ந்தோம். அந்த 5,000 ரூபாயைச் சுற்றுலாச் செலவில் சேர்த்துவிடலாம் என்று நாங்கள் சொன்னோம். செயலாளர் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “ரசீது வாங்காமல் கொடுத்து இழந்தது” என்று தனி வரியாக எழுதினார். அதன் கீழே எங்களையும் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டோம்.