கணக்கில் வராதவருக்கு அரிசியும் வராது!

(தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புள்ளிவிவரம்னு சொன்னதும் "அது அதிகாரிங்க பாடு, நமக்கென்ன?"ன்னு போயிடாதீங்க. யார் வீட்டு அடுப்பில் உலை கொதிக்கணும் என்பதையே இன்னைக்கு ஒரு எண்தான் முடிவு பண்ணுது.

2013-ல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கிராமப்புறத்தில் 75 சதவீதம், நகர்ப்புறத்தில் 50 சதவீதம் பேர் வரை தானியம் பெறலாம். ஆளுக்கு மாதம் 5 கிலோ. சரி, எந்த மக்கள்தொகையில் 75 சதவீதம்? கடைசியாக வெளியான கணக்கெடுப்பின்படி. அதாவது 2011 கணக்கு. அன்னைக்கு நாம 121 கோடி பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 81 கோடி பேருக்கு ஒதுக்கீடு.

1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்த கணக்கெடுப்பு இது. உலகப் போர் நடந்த 1941-லயும் நிக்கல. 2021-ல் நின்னுச்சு. கொரோனான்னாங்க, ஏத்துக்கிட்டோம். கொரோனா அடங்கின பிறகும் ஏன் தள்ளிப்போட்டாங்க? இப்போ 2027-னு அறிவிச்சிருக்காங்க.

இதனால் என்ன நஷ்டம்? ஒன்றிய அரசு அமைத்த நிபுணர் குழுவே 2021-க்கு மக்கள்தொகை சுமார் 136 கோடின்னு மதிப்பிட்டிருக்கு. அதில் அதே மூன்றில் இரண்டு பங்குன்னா 91 கோடி. கொடுக்கிறது 81 கோடிக்கு. மிச்சம் 10 கோடி பேர் எங்கே போவாங்க? ஒதுக்கீடு நிரம்பிய மாநிலத்தில் ஒருத்தர் பேர் நீங்கினால்தான் இன்னொருத்தர் பேர் ஏறும். புதுசா பிறந்த பிள்ளைக்கு பசி இருக்கு, பட்டியலில் இடம் இல்லை!

தமிழ்நாட்டில் ரேஷன் எல்லோருக்கும் பொதுவானது. அதனால் நமக்கு இது உறைக்கல. ஆனா, ஒன்றிய ஒதுக்கீட்டுக்கு மேல் ஆகும் செலவை மாநில அரசுதான் சுமக்குது. அது நம்ம வரிப்பணம்தானே?

எண் பொய் சொல்லாது என்பாங்க. உண்மைதான். ஆனா பழைய எண்ணை வச்சு இன்றைய பசியை அளந்தால், அந்த முடிவு அநியாயமாத்தான் இருக்கும்.

ஆகவே கேட்கிறோம்: புதிய கணக்கு வரும்வரை, அரசின் கையிலேயே இருக்கும் மதிப்பீட்டைக் கொண்டு ஒதுக்கீட்டை உயர்த்து! தேவைப்பட்டால் சட்டத்தைத் திருத்து!

உங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள். கணக்கெடுப்பாளர் வாசலுக்கு வரும்போது, கைக்குழந்தை முதல் படுக்கையில் இருக்கும் தாத்தா வரை ஒருத்தர் பேரையும் விடாம சொல்லுங்க. வேலைக்கு வந்து பக்கத்தில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளிக்கும் இதை எடுத்துச் சொல்லுங்க.

எண்ணப்படுவது நம் உரிமை!