தெருவின் பெயரும் நம் பெயரும்

(நமது சங்கத்தின் குன்னூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தெருப்பெயர் மாற்றத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறும்படி காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். பச்சைத்தேயிலைக்குக் கட்டுப்படியான விலையில்லை, பிள்ளைகளுக்கு உத்தியோகமில்லை என்று நாம் கவலையுற்றிருக்கும் காலத்தில், தெருக்கோடியில் நிற்கும் பலகையைப் பற்றி ஒரு பிரசங்கமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் சென்ற கூட்டத்தில் இங்கே நடந்த வாதத்தைக் கேட்டவர்கள் அவ்விதம் எண்ணமாட்டார்கள். நம் குலப்பெயரைத் தாங்கிய தெருவிலிருந்து அப்பெயர் எடுபடப் போகிறது என்று கேள்விப்பட்டவுடன், ஆட்சேபனை மனு அனுப்பவேண்டும் என்று ஒரு சாராரும், போனால் போகட்டும் என்று மற்றொரு சாராரும் எதிரெதிராகப் பேசினோம். ஒரே வீட்டில் தகப்பனார் ஒரு பக்கமும் மகன் ஒரு பக்கமும் எழுந்து நின்றதைக் கண்டோம். தீர்மானம் இன்றைக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஆகவே கோபத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு விஷயத்தை ஆராய்வோம்.

முதலாவது, நடந்தது யாதெனச் சொல்லுகிறேன். 2025-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், ‘காலனி’ என்னும் சொல் இழிவைக் குறிக்கும் அடையாளமாகிவிட்டபடியால் அதனை அரசாங்கக் குறிப்புகளினின்றும் நீக்குவதாக முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். அதே வருஷம் அக்டோபர் மாதத்தில், ஜாதிப்பெயர் தாங்கிய குடியிருப்புகள், தெருக்கள், சாலைகள், நீர்நிலைகள் ஆகியவற்றின் பெயர்களை நீக்கவும் மாற்றவும் வழிமுறைகளை வகுத்துத் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் உத்தரவு பிறப்பித்தனர். அம்மாதத்திலேயே வழக்கொன்று ஐகோர்ட்டின் மதுரைக் கிளையின் முன் வந்தது. ஆரம்ப வேலைகளை நடத்தலாம், முடிவான உத்தரவு மட்டும் இப்போது செய்யலாகாது என்று நீதிபதிகள் இடைக்காலமாகக் கூறினர். இவ்வளவே நாம் கோபங்கொள்வதற்கோ களிப்படைவதற்கோ ஆதாரமான செய்தி.

பெயர் மாறுவது இம்மலைக்குப் புதிதா? இல்லவே இல்லை. இந்த நீலகிரியைப்போல் பெயர் மாற்றத்திற்கு ஆளான பூமி நம் நாட்டில் அதிகமிராது. தோடர்கள் தம் குடியிருப்பை வழங்கும் பெயரைத் தமிழில் ‘மந்து’ என்று சொல்லுகிறோம். அத்தகைய மந்து ஒன்றின் பெயரைக் காதில் கேட்ட ஆங்கிலேயர், முதலில் ‘வோட்டோகிமண்ட்’ என்றும், பிறகு ‘ஊட்டகமண்ட்’ என்றும் எழுதினர். நாக்குக்குச் சோம்பல் வந்தபோது அது ‘ஊட்டி’யாயிற்று. நம்மவர்கள் அதனையே ‘உதகமண்டலம்’ என்று அழகுபடுத்தி, நீருக்குரிய வடசொல்லை அதில் கண்டு மகிழ்ந்தனர். அதுவும் சுருங்கி ‘உதகை’ ஆயிற்று. ‘ஒற்றைக்கல் மந்து’ என்பதே மூலம் என்று வாதிப்பவரும் உளர். இன்று ரயில் நிலையத்தில் உதகமண்டலம் என்று எழுதியிருக்கிறது. பஸ்ஸில் ஏறுகிறவர் ஊட்டிக்கு டிக்கெட்டு கேட்கிறார். பாடநூலில் பிள்ளை உதகை என்று வாசிக்கிறது. மூன்றும் ஓர் ஊரே என்பது நமக்குத் தெரிந்திருப்பதால் கலக்கமில்லை.

நமக்கு அண்மையிலுள்ள வெல்லிங்டனைப் பாருங்கள். அவ்விடம் முன்னர் ஜகதளா என்னும் படுகர் கிராமத்தின் பெயரால் வழங்கிற்று. சிப்பாய்களுக்குப் பாசறை கட்டிய பின், 1860-ம் வருஷத்தில், நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் பிரபுவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அப்பாசறைக்கே இன்று நம் தேசத்துச் சேனாதிபதியாயிருந்த ஸ்ரீநாகேஷ் அவர்களின் பெயர் வழங்குகிறது. ஆனால் ஜகதளா ஒழிந்து போயிற்றா? அக்கிராமம் இன்றும் அதே பெயருடன் ஒரு பேரூராட்சியாக விளங்குகிறது. அதில் வாழ்பவர் தம் பெயரை விட்டுவிடவில்லை. ஆதலின் அப்பெயரும் அவர்களை விட்டுப் போகவில்லை. ‘பெரிய மலை’ என்று பொருள்படும் தொட்டபெட்டாவுக்கோ, எத்தனையோ கவர்னர்கள் வந்து போயும், வேறு பெயர் நிலைக்கவில்லை.

உதகையின் சேரிங் கிராஸை எடுத்துக்கொள்ளுவோம். 1290-ல் எலியனோர் என்னும் ராணி இறந்தபோது, அவளுடைய சவ ஊர்வலம் தங்கிய இடந்தோறும் இங்கிலாந்து அரசன் சிலுவைகளை நாட்டினான். அவற்றுள் ஒன்று நின்ற இடம் லண்டனிலுள்ள சேரிங் கிராஸ். ஊர் நினைவால் வருந்திய வெள்ளைக்காரர் அப்பெயரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து நம் மலைமேல் வைத்தனர். அங்கே நிற்கும் நீரூற்று, சென்னைக் கவர்னராயிருந்து 1881-ல் உதகையிலேயே உயிர் நீத்த ஆடம் என்பவரின் ஞாபகச் சின்னம். இன்று அவ்வழியே காய்கறி மூட்டையுடன் போகும் நம்மவருள் ராணியை நினைப்பவரும் இல்லை, கவர்னரை நினைப்பவரும் இல்லை. ‘சேரிங் கிராஸில் இறங்கு’ என்றால் இறங்கவேண்டிய இடம் தெரிகிறது, அவ்வளவே. பெயர்ப்பலகையால் மட்டும் ஒருவருடைய கீர்த்தி நிலைத்துவிடும் என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்கக் கடவர்.

சென்னைப் பட்டணத்தின் சங்கதியும் இத்தகையதே. மவுண்ட் ரோடு அண்ணா சாலையாயிற்று. பூந்தமல்லி ஹைரோடு பெரியார் ஈ.வெ.ரா. சாலையாயிற்று, எட்வர்டு எலியட்ஸ் ரோடு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையாயிற்று. 1970-களின் இறுதியில் எம்.ஜி.ஆர். அரசாங்கத்தின் காலத்தில், தெருப்பெயர்களிலுள்ள ஜாதிப்பட்டங்களை நீக்க உத்தரவாயிற்று. கோபதி நாராயணசாமி செட்டியார் பெயரால் அமைந்த ஜி.என். செட்டி ரோடு, பலகையில் ஜி.என். சாலையாகக் குறுகியும், ஜனங்களின் வாயில் பழையபடியே வழங்கி வருகிறது. ஹாமில்ட்டன் வாராவதியின் கதையோ நகைப்புக்கிடமானது. ஹாமில்ட்டன் என்னும் பெயர் பாமரர் நாவில் ‘அம்பட்டன்’ என்று திரிந்ததாம்; பின்னர் வந்த துரைமார் அதனை மொழிபெயர்த்து ‘பார்பர்ஸ் பிரிட்ஜ்’ ஆக்கினராம். ஒரு தொழிலாளர் வகுப்பாரை மரியாதையின்றிக் குறிக்கும் சொல், அவர்களுக்கு யாதொரு சம்பந்தமுமில்லாத பாலத்தின்மேல் ஏறி உட்கார்ந்த விந்தை அது. பின்னர் அதற்கு டாக்டர் அம்பேத்கரின் பெயர் இடப்பட்டது.

மாற்றுவதிலும் நிதானம் வேண்டும் என்பதற்கு 2020-ம் வருஷத்துச் சம்பவம் சாட்சி. அவ்வருஷம் ஜூன் மாதத்தில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு இணங்க மாற்றுவதாக உத்தரவு வெளியாயிற்று. நோக்கம் நல்லதே. ஆயினும் புதிய எழுத்துக்கூட்டல்களைக் கண்டு நாடெங்கும் கேலியும் குழப்பமும் எழவே, சில தினங்களுக்குள் அது திரும்பப் பெறப்பட்டது. ருஷ்யாவில் ஒரே நகரம் 1914-ல் பெட்ரோகிராடு, 1924-ல் லெனின்கிராடு, 1991-ல் மறுபடியும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று பெயர் மாறிற்று. அந்நகரை விட்டு அசையாமலே ஒரு கிழவி மூன்று ஊர்களில் வாழ்ந்திருக்கக்கூடும்!

குழப்பத்தால் விளையும் தீங்கு கேலியோடு நின்றுவிடுவதில்லை. என் வீட்டில் நடந்ததைக் கூறுகிறேன். சில வருஷங்களுக்கு முன், ஓர் இரவு மூடுபனியில், என் தமக்கையாருக்கு மார்வலி கண்டது. வண்டிக்குச் சொன்ன என் மருமகன், பலகையில் அப்போதுதான் எழுதியிருந்த புதுப்பெயரைச் சொன்னான். வண்டிக்காரர் வழி விசாரித்த இடங்களில் எல்லாருக்கும் தெரிந்தது பழைய பெயர் ஒன்றே. அவர் மேல்தெருவுக்கும் கீழ்த்தெருவுக்குமாக அலைந்தார். நான் கைவிளக்குடன் படிக்கட்டு இறங்கி ஓடிப்போய்ச் சாலையில் நின்றேன். அரைமணி நேரம் வீணாயிற்று. ஆண்டவன் அருளால் தமக்கையார் பிழைத்தார். வண்டிக்காரர்மீது குற்றமில்லை, பழைய பெயரையும் சேர்த்துச் சொல்லத் தெரியாத எங்கள்மீதே குற்றம். அன்று முதல், பெயர் மாற்றம் என்றாலே எனக்கு வெறுப்பாயிருந்தது என்பதை மறைக்கவில்லை. ஆதலால் சென்ற கூட்டத்தில் ஆட்சேபனை மனுவுக்குக் கையெழுத்திடுவதாகச் சொன்னவர்களுள் நானும் ஒருவன்.

அப்படியிருந்தும் இன்று மாற்றிப் பேசுகிறேன். காரணம் சொல்லவேண்டியது என் கடமை.

நான் பள்ளியில் படித்த காலத்தில் என்னருகே ஒரு பையன் உட்காருவான். கணக்கில் அவன் எனக்கு ஆசான். ஒருநாள் உபாத்தியாயர் ஆஜர்ப் புத்தகத்திலிருந்து ஒவ்வொருவருடைய விலாசத்தையும் உரக்கப் படித்தார். அவன் முறை வந்தது. அவனுடைய தெருவின் பெயரே அவன் ஜாதியைச் சொல்லிற்று. வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அதன்பின் அவன் எந்தக் காகிதத்திலும் தெருப்பெயரை எழுதாமல், தபாலாபீஸின் பெயரை மட்டும் எழுதி வரலானான். என் விலாசத்திலும் ஜாதி இருந்தது. ஆனால் அதனைப் படித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை; உபாத்தியாயர் என் தகப்பனாரின் சௌக்கியத்தை விசாரித்தார்.

சகோதரர்களே! ஒரே மாதிரியான இரண்டு பலகைகள். ஒன்று என்னை நிமிரச் செய்தது. மற்றொன்று அவனைக் குனியச் செய்தது. என் பலகை நிற்கட்டும், அவன் பலகையை மட்டும் எடுங்கள் என்று நாம் மனு எழுத முடியுமா? எழுதினால் அதைப் படிக்கும் அதிகாரி நம்மைப் பற்றி யாது நினைப்பார்? நம் பேரப்பிள்ளைகள் யாது நினைப்பார்கள்?

பெரியவர்கள் ஒரு நியாயம் கூறினார்கள். கல்லாறு வழியாக மூட்டை சுமந்து ஏறிவந்து, அட்டைக்கடியும் மலைக்காய்ச்சலும் பொறுத்து, அத்தெருவின் படிக்கட்டைக் கல் கல்லாக அடுக்கியவர்கள் நம் பாட்டன்மார். அந்த உழைப்பை அழிப்பது தர்மமா என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதே, அதனை இலேசாகத் தள்ளிவிட என்னால் இயலாது. ஆனால் பலகையைப் போய்ப் பாருங்கள். படிக்கட்டு அடுக்கிய பாட்டனாரின் பெயர் அதில் இருக்கிறதா? இல்லை. ஜாதியின் பெயர் மட்டுமே இருக்கிறது. அதைப் படிக்கும் அந்நியனுக்கு நம் உழைப்பு விளங்குவதில்லை. இது இன்னாருடைய இடம், நீ இங்கே வேற்றாள் என்பதே விளங்குகிறது. உழைப்பை நினைவுறுத்தாத பெயருக்காகப் போராடிவிட்டு, உழைத்தவர்களின் பெயரை நாமே மறந்திருக்கிறோம். உங்களில் எத்தனை பேருக்கு முப்பாட்டனாரின் பெயர் தெரியும் என்று நான் கேட்கப் போவதில்லை, எனக்கே தெரியாது.

இதே மலையில் தேயிலைத் தோட்டங்களைப் பாருங்கள். கிளென்டேல், கிரேக்மோர், நான்சச் என்னும் பெயர்களில் கொழுந்து பறித்த கைகளின் அடையாளம் சிறிதேனும் உண்டா? 1964-ம் வருஷத்து சாஸ்திரி - சிறிமாவோ உடன்படிக்கையின் பின், இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்களுக்காக 1968-ல் சர்க்கார் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. காட்டைத் திருத்திய அம்மக்களின் பெயரும் எப்பலகையிலும் காணப்படவில்லை. ஆகவே குறை நமக்கு மட்டும் உரியதன்று.

இனிச் செய்யத்தக்கது யாது? நான்கு யோசனைகளைச் சபையின் முன் வைக்கிறேன்.

ஒன்று: ஆட்சேபனை மனுவைக் கைவிடுவோம். அதற்குப் பதிலாக, புதிய பெயரைத் தெருவில் குடியிருக்கும் எல்லா வகுப்பாரையும் கலந்து, அவ்விடத்து மரம், ஊற்று, படிக்கட்டு முதலியவற்றுள் ஒன்றால் அமைக்கும்படி முனிசிபாலிடியாரை வேண்டுவோம். வந்தவனுக்கு வழி காட்டும் பெயரே தெருவுக்கு உகந்த பெயர்.

இரண்டு: புதுப்பெயர் பழகும் வரையில், வீட்டு இலக்கத்தையும், அருகிலுள்ள கோயில், பள்ளி முதலிய அடையாளத்தையும் எல்லாப் பலகைகளிலும் தெளிவாக எழுதும்படி கேட்போம். வியாதியஸ்தரைத் தேடிவரும் வண்டிக்கு அதுவே உதவி.

மூன்று: பட்டா, வீட்டுவரி ரசீது, ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் பட்டியல், பாங்குக் கணக்கு ஆகிய ஆறிலும் விலாசம் ஒன்றாயிருக்கவேண்டும். ஒன்றில் பழையதும் மற்றொன்றில் புதியதுமாக இருந்தால் ஏழை விதவைக்கும் கிழவருக்குமே அலைச்சல். பெயர் மாறும் நாளில், படித்த வாலிபர்கள் வீடு வீடாகச் சென்று இதனை முடித்துக் கொடுக்கட்டும். நம்மவர் வீட்டுக்கு மட்டுமன்று, தெருவிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும்.

நான்கு: சங்கத்தின் செலவில் ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கி, இன்னும் உயிரோடிருக்கும் முதியோரிடம் போய், இத்தெருவை அமைத்தவர் யார், கிணறு வெட்டியவர் யார், முதற்கடை வைத்தவர் யார் என்று கேட்டு எழுதி வைப்போம். கல்லுடைத்த கூலியாட்கள் எந்த வகுப்பினராயினும் அவர்கள் பெயரும் அதில் ஏறட்டும். பெண்களின் பெயர்களை மறவாதீர்கள். பலகையில் இல்லாத சரித்திரம் அப்புத்தகத்தில் இருக்கும்.

என்னருகே அமர்ந்து கணக்குச் சொல்லித்தந்த அந்தத் தோழன் எங்கிருக்கிறானோ அறியேன். அவன் பேரப்பிள்ளை எந்தக் காகிதத்திலும் தன் விலாசத்தை முழுவதும் எழுதக்கூடிய நாள் வருமாயின், அதற்கு ஈடாக நம் தெருப்பலகை ஒன்றை இழப்பது நமக்கு நஷ்டமன்று.

தீர்மானத்தைச் சபையோரின் யோசனைக்கு விட்டு அமர்கிறேன்.