உதவித்தொகைப் பட்டியல் ஏன் சுவரில் தொங்குகிறது?

(ஓசூரில் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



சிப்காட்டில் ஷிப்ட் முடித்து நேராக வந்தவர்கள் இருக்கிறீர்கள். அத்திப்பள்ளி தாண்டிப் படித்துவிட்டு பஸ் பிடித்து வந்தவர்களும் இருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அலுவலகத்திலிருந்து ஒருவர் கையில் தாளோடு வந்து, "எஸ்.சி., எஸ்.டி. ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எழுந்திருங்க" என்றார். ஒன்பது பேர் எழுந்தோம். அவர் யாரையும் திட்டவில்லை. பெயரைச் சரிபார்த்து டிக் அடித்துவிட்டுப் போய்விட்டார். அதுவரை தினமும் என் டிபன் பாக்ஸில் கைவைத்துச் சாப்பிட்டவன் அன்று மதியம் வேறு பெஞ்சுக்குப் போயிருந்தான்.

இது உங்களில் எத்தனை பேருக்கு நடந்திருக்கிறது என்று கை தூக்கச் சொல்ல மாட்டேன். சொன்னால் நானும் அந்த ஊழியரின் வேலையைத்தான் செய்தவனாவேன்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில், பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த சாதிப் பட்டத்தைத் துறப்பது என்று தீர்மானம் போட்டார்கள். அதன் பலனை நாம் இன்றும் அனுபவிக்கிறோம். நமக்கு இனிஷியல் போதும். இங்கிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களிடம் "உங்க சர்நேம் என்ன?" என்று கேட்கிறார்கள். அப்பா பெயரைச் சொல்கிறோம். கேட்டவர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரியும், பார்த்திருப்பீர்கள்.

பெயரிலிருந்து கழற்றி எறிந்த அந்தச் சாதி இப்போது கல்லூரி அலுவலகக் கோப்பில் இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். சாதிச் சான்றிதழ் இல்லாமல் இடஒதுக்கீடு கிடையாது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குச் சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிப் பாஸ்புக் எல்லாம் கொடுக்கிறோம். இப்போது எல்லாம் யுமிஸ் இணையதளத்திலும் ஏறுகிறது. உரிமையைப் பெறுவதற்காக, அந்த ஒரு காரியத்துக்காக மட்டும் கொடுத்த தகவல் அது. நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதற்கு நாம் யாருக்கும் சம்மதம் கொடுக்கவில்லை.

ஆனால் நடப்பது என்ன? உதவித்தொகைப் பட்டியல் பெயர், சாதி, வங்கிக் கணக்கு எண்ணோடு சுவரில் தொங்குகிறது. சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று எக்செல் கோப்பை அப்படியே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். அரசாணை 92-ன்படி கட்டண விலக்கு உள்ளவர்களைத் தனியாக அழைத்து, "அரசு பணம் வரலை, நீங்க கட்டுங்க" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்கிறார்கள். அப்புறம் நம் ஊருக்கே உரிய ஒன்று. டிப்ளமோ முடித்துக் கம்பெனியில் டிரெய்னியாகச் சேரும்போது கான்ட்ராக்டர் டி.சி. ஜெராக்ஸ் கேட்கிறார். அதில் சாதிப் பத்தி நிரப்பப்பட்டிருந்தால், வேலையில் சேரும் முன்பே சூப்பர்வைசர் மேசையில் உங்கள் சாதி உட்கார்ந்திருக்கும். அந்த இடத்தில் 'வருவாய்த் துறை வழங்கிய சான்றிதழைப் பார்க்கவும்' என்று மட்டும் எழுதும் வழக்கம் பல கல்லூரிகளில் ஏற்கெனவே இருக்கிறது. மனமிருந்தால் ஒரு வரியில் முடிகிற காரியம்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்பவர்களுக்கு நாங்குநேரியை நினைவுபடுத்துகிறேன். 2023 ஆகஸ்டில் ஒரு பட்டியலின மாணவனை, கூடப் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் கலர் கயிறு பற்றிய பரிந்துரையைத்தான் டி.வி.யில் நாள் கணக்கில் விவாதித்தார்கள். வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, உதவித்தொகைத் தகவலை ரகசியமாக வைத்து மாணவரைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும் என்பவையும் அதே அறிக்கையில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. அது பள்ளிகளுக்கான அறிக்கை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரி வாசலைத் தாண்டியதும் சாதி உதிர்ந்துவிடுமா?

2023 பிப்ரவரியில் மும்பை ஐ.ஐ.டி.யில் தர்ஷன் சோலங்கி இறந்தார். சாதிப் பாகுபாடுதான் காரணம் என்று குடும்பம் சொன்னது, நிறுவனம் மறுத்தது. ஆனால் அதே ஆண்டு ஜூலையில் அந்த நிறுவனமே, சக மாணவரிடம் ஜே.இ.இ. ரேங்க் கேட்பது முறையல்ல, அது சாதியை அறியும் முயற்சியாகலாம் என்று அறிவுறுத்தல் வெளியிட்டது. ஒரு எண்ணே போதும், சாதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

சாதி மட்டுமல்ல, முகவரியும் இருக்கிறது. சூடகொண்டப்பள்ளி நந்தீஷ், சுவாதியை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க முடியாது. 2018 நவம்பரில் அவர்களுடைய உடல்கள் சிவனசமுத்திரம் அருகே காவிரியில் கிடைத்தன. சாதி மறுத்துத் திருமணம் செய்து, ஓசூரில் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். கல்லூரிப் பதிவேட்டைப் பார்த்து அவர்களைத் தேடினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "நான் பொண்ணோட சித்தப்பா" என்று ஒருவர் வந்து கேட்டால் விடுதி முகவரியையும் போன் நம்பரையும் எடுத்துக் கொடுக்கிற அலுவலகங்கள் இருக்கும் மாவட்டம் இது. இங்கே அந்தத் தகவலின் விலை உயிர்.

சட்டம் என்ன சொல்கிறது? தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதற்குப் பிறகு வந்த 2019 தரவுப் பாதுகாப்பு மசோதாவில் 'சாதி அல்லது பழங்குடி' என்பது கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் நுண்ணிய தகவல் என்ற பட்டியலில் இருந்தது. 2023-ல் சட்டமாக நிறைவேறியபோது அந்தப் பட்டியலையே காணோம். உங்கள் சாதியும் உங்கள் மின்னஞ்சல் முகவரியும் இந்தச் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். சாதி என்றால் என்னவென்று தெரிந்த ஒருவர் இப்படி எழுதியிருக்க முடியாது. அல்லது நன்றாகத் தெரிந்தவர்தான் எழுதியிருப்பார்.

கையில் இருக்கும் ஆயுதம் யு.ஜி.சி.யின் 2012 சமத்துவ விதிகள். வகுப்பில் மாணவரின் சாதியை அறிவிப்பதையும், ஒருவரை இடஒதுக்கீட்டு மாணவர் என்று முத்திரை குத்துவதையும் அவை பாகுபாடு என்கின்றன. 2026 ஜனவரியில் வந்த புதிய விதிகளை அந்த மாதக் கடைசியிலேயே உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்து, 2012 விதிகளே தொடரும் என்றது. ஆக, என் வகுப்புக்குத் தாளோடு வந்தவர் செய்தது விதிமீறல். அன்று எனக்கு அது தெரியாது.

இதைப் பேசினால் உடனே ஒருவர் எழுந்து, "அப்போ சர்டிபிகேட்ல சாதியையே எடுத்துடலாமே" என்பார். எடுத்தால் இடஒதுக்கீடு போகும், சாதி போகாது. இன்னொருவர், நம் தோழரே, "சாதியை மறைக்கணுமா? வெட்கமா?" என்று கேட்பார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. நீல நிறச் சட்டை போட்டு ஜெய்பீம் சொல்கிறவன்தான் நானும். எங்கே, எப்போது, யாரிடம் சொல்வது என்பதை நான் முடிவு செய்வேன். எனக்காக அதைச் சுவரில் ஒட்ட ஒரு கிளார்க்குக்கு உரிமை இல்லை.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது, கவனியுங்கள். நாம் தனியுரிமை கேட்கும்போது நிறுவனங்களும் அதே வார்த்தையைப் பிடித்துக்கொள்ளும். 2023 சட்டத்தின் 44(3) பிரிவு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறது. 'தனிப்பட்ட தகவல்' என்ற ஒரு காரணத்தைச் சொல்லியே பதிலை மறுக்க வழி அகலமாகியிருக்கிறது. எத்தனை பேராசிரியர் இடங்கள் இனச்சுழற்சிப்படி நிரப்பப்பட்டன, பின்னடைவுப் பணியிடங்கள் எத்தனை, எத்தனை பட்டியலின மாணவர்கள் பாதியில் நின்றார்கள் என்பதெல்லாம் யாருடைய தனிப்பட்ட தகவலும் இல்லை. எண்ணிக்கை திறந்திருக்க வேண்டும், பெயர் மூடியிருக்க வேண்டும். இங்கே நடப்பது தலைகீழ்: பெயர் சுவரில், எண்ணிக்கை பீரோவில்.

நம் மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகின்றன. 2022 ஜூலையில், எம்.ஏ. வரலாறு தேர்வில், தமிழ்நாட்டில் தாழ்ந்த சாதி எது என்று கேட்டு நான்கு சாதிப் பெயர்களைக் கொடுத்து டிக் அடிக்கச் சொன்ன கேள்வித்தாள் அங்கேதான் வந்தது. வெளியாட்கள் தயாரித்த தாள் என்று சமாதானம் சொன்னார்கள். பெரியார் பெயரை வைத்துக்கொண்டு இதைச் செய்தவர்களிடம் மனு கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம். கொடுக்காமல் இருந்தால் என்ன ஆகிறது என்றுதான் இத்தனை வருடம் பார்த்தோமே.

மனு தயாராக இருக்கிறது, பின் வரிசையில் இருக்கும் தோழரிடம் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். உதவித்தொகைப் பட்டியல் விண்ணப்ப எண்ணோடு மட்டும் வரட்டும். பெற்றோர் என்று சொல்லி யார் வந்து கேட்டாலும், மாணவரைக் கேட்காமல் முகவரி தரக் கூடாது. கோப்பை யார் எப்போது திறந்தார்கள் என்று ஒரு பதிவேடு இருக்கட்டும். இவ்வளவுதான் கேட்டிருக்கிறோம். ஒரு பிரதி பதிவாளருக்கு, ஒன்று திங்கட்கிழமை குறைதீர் நாளில் கிருஷ்ணகிரி ஆட்சியருக்கு.

நாளை கல்லூரிக்குப் போனதும் நோட்டீஸ் போர்டைப் பாருங்கள். பட்டியல் இருந்தால் தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். அதை எங்கள் குழுவுக்கு அனுப்பும் முன் பெயர்களை மறைத்துவிடுங்கள். இதை மறக்காதீர்கள், போன முறை இரண்டு பேர் மறந்துவிட்டார்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள் தோழர்களே.