பதிமூன்று அணிகளின் இஷ் ஸ்மித்

கூடைப்பந்து என்றால் ஏழடி மனிதர்கள் எம்பிக் குதித்து வளையத்துக்குள் பந்தைத் திணிப்பதுதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். இஷ் ஸ்மித்தின் உயரம் ஆறடிதான். ஆனால் அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் 13 அணிகளுக்கு ஆடியிருக்கிறார். அந்த லீகில் வேறு எவரும் இத்தனை அணிகளுக்கு ஆடியதில்லை.

எந்த அணியிலும் நிலைக்காதவர் என்று இதைக் கேலியாகச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாதவரை இத்தனை பேர் கூப்பிட்டு வைத்துக்கொள்வார்களா என்ன?

வட கரோலினாவின் ஷார்லட் நகரத்துக்காரர். 2010 டிராஃப்டில் அணிகள் 60 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தன. அதில் இவர் பெயர் இல்லை. பிறகு ஹியூஸ்டன் வாய்ப்புக் கொடுத்தது. அங்கே தொடங்கி மெம்பிஸ், கோல்டன் ஸ்டேட், ஆர்லாண்டோ, மில்வாக்கி என்று ஓட்டம்தான். என்.பி.ஏ.வில் அணிகள் வீரர்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். சம்பந்தப்பட்ட வீரரின் சம்மதம் பெரும்பாலும் தேவையில்லை. காலையில் ஒரு ஊர், ராத்திரி இன்னொரு ஊர்.

அவர் ஆட்டத்தில் குறை இல்லாமல் இல்லை. ஸ்மித் பாயிண்ட் கார்டு; பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர். சக வீரர் ஒருவர் குறுக்கே நின்று எதிராளியை மறிப்பதை ஸ்கிரீன் என்பார்கள். பந்தை வைத்திருப்பவர் தூரத்திலிருந்து எறிவதில் வல்லவர் என்றால் எதிராளி அந்த மறிப்பைச் சுற்றிக்கொண்டு விடாமல் துரத்தியாக வேண்டும். ஸ்மித்திடம் அந்த அவசரம் தேவைப்படவில்லை. மறிப்புக்குப் பின்புறமாக நிதானமாக வந்து, மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து எறிந்தால் எறியட்டும் என்று விட்டுவிடுவார்கள். நிரந்தர இடம் கிடைக்காததற்கு இதுவே முக்கியக் காரணம் என்பேன்.

ஆனால் கால்கள்! எதிரணி எறிந்த பந்து தவறி இவர் கைக்கு வந்தால், அவர்கள் திரும்பி ஓடுவதற்குள் மறுமுனையில் இருப்பார். எறியப்போவதாகப் போக்குக் காட்டி, ஓடிவரும் தோழனுக்குத் தள்ளிவிடுவார்.

2015 டிசம்பரில் ஃபிலடெல்ஃபியா அணி 31 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் வென்றிருந்தது. அந்த நிலையில் ஸ்மித்தை நியூ ஆர்லியன்ஸிடமிருந்து வாங்கினார்கள். விலை, எதிர்கால டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் இரண்டு வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு வசந்தத்தில் அவர் ஃபிலடெல்ஃபியாவுக்குத்தான் ஆடிக்கொண்டிருந்தார். கோடையில் சும்மா போகவிட்டவரை இப்போது விலை கொடுத்து மீட்டார்கள். அவர் வந்த பிறகு நடந்த முதல் ஆட்டத்திலேயே ஃபீனிக்ஸை வென்றார்கள். ஆட்டத்துக்குச் சராசரி ஏழு அசிஸ்ட், அதாவது சக வீரர் கூடை போட வழிசெய்யும் பாஸ், கொடுத்தார். சக வீரர் நெர்லென்ஸ் நோயல் வளையத்தருகே எம்பும்போது பந்து அங்கே வந்து காத்திருக்கும். சீசன் முடிவில் மொத்தமே 10 வெற்றிகள்தான். தனி ஒருவர் அணியைக் கரையேற்ற முடியாதுதான். ஆனாலும் அதுவரை திக்குத் தெரியாமல் நின்ற இளைஞர்கள் ஓர் ஒழுங்கோடு ஆடத் தொடங்கினார்கள்.

பதிமூன்றாவது அணி டென்வர். 2023இல் அந்த அணி முதன்முறையாகப் பட்டம் வென்றபோது ஸ்மித் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார். அந்த வெற்றியில் அவர் பங்கை ஊதிப் பெரிதாக்க நான் தயாராக இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: ஃபிலடெல்ஃபியா, வாஷிங்டன், ஷார்லட் ஆகிய மூன்று அணிகள், அவரை ஒருமுறை அனுப்பிவிட்டு மறுபடியும் அழைத்துக்கொண்டன.