மீட்டெழுச்சியும் நாமும்: மௌதூதியின் அரசியல் சிந்தனையை முன்வைத்து
அயோத்திதாசப் பண்டிதர் நினைவுப் பேருரை, புதுக்கோட்டை



பண்டிதர் அயோத்திதாசர் மறைந்தது 1914 மே 5. அவர் பெயரால் நடக்கும் இந்தப் பேருரைக்கு நான் கொடுத்த தலைப்பைப் பார்த்துவிட்டு, "இது நம் அரங்கில் எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்டார்கள். காரணம் ஒரு மாணவர். சென்ற ஆண்டு அன்னவாசல் பக்கம் ஒரு வாசகர் வட்டக் கூட்டம் முடிந்து பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தோம். அவர் பையிலிருந்து மௌதூதியின் நூலொன்றின் தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்துக் காட்டினார். "அண்ணே, இதில் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. தொழுகையில் யாரும் யார் பக்கத்திலும் நிற்கலாம். நம்ம ஊர் டீக்கடையில் நிற்க முடியுமா? நாம் ஏன் அங்கே போகக் கூடாது?" என்றார். அதற்குள் பேருந்து வந்துவிட்டது. அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். அன்று விட்டுப்போன பதில்தான் இந்த உரை.

அந்தத் தம்பி ஒரே மூச்சில் கேட்டாலும் அதில் இரண்டு கேள்விகள் இருந்தன. சாதியை விட்டு இஸ்லாத்துக்குப் போகலாமா என்பது ஒன்று. மௌதூதி சொல்லும் அரசியலை ஏற்கலாமா என்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் லாபம் அடைகிறவர்கள் இருக்கிறார்கள். தாடி வைத்த ஒவ்வொருவரையும் தீவிரவாதி என்று சொல்பவர்கள் ஒரு பக்கம். தங்கள் அரசியலே மார்க்கம் என்று சொல்பவர்கள் மறுபக்கம். நாம் இரண்டையும் பிரித்தே பார்ப்போம்.

முதல் கேள்வி நமக்குப் புதிதல்ல. 1947-இல் திருச்சியில் பேசிய பெரியார், இழிவு நீங்க இஸ்லாமே நல்ல மருந்து என்றார். மோட்சத்தைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. தெருவில் நிமிர்ந்து நடப்பதைப் பற்றித்தான் கவலை. 1981 பிப்ரவரி 19 அன்று, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. ஊர் ரஹ்மத் நகர் ஆனது. வளைகுடாப் பணம் என்றார்கள், சர்வதேசச் சதி என்றார்கள். டெல்லியிலிருந்து தலைவர்கள் வந்தார்கள். அதுவரை அந்த மக்கள் பட்ட அவமானத்தைக் கேட்க வராதவர்கள், அவர்கள் வெளியேறிய பிறகு ஓடிவந்தார்கள். அந்த மக்கள் கேட்டது இஸ்லாமிய அரசை அல்ல. ஆதிக்கச் சாதிக்காரர்களும் காவல்துறையும் மரியாதையாகப் பேசுகிற ஒரு பெயரைக் கேட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததையும் மாணவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். 2002-இல் தமிழக அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. பொதுவாக மூன்றாண்டுச் சிறை. மாற்றப்பட்டவர் பெண்ணாகவோ, சிறாராகவோ, பட்டியல் சாதியினராகவோ, பழங்குடியினராகவோ இருந்தால் நான்காண்டு. நாம் சுயமாக முடிவெடுக்கத் தெரியாதவர்கள் என்பதே அதன் உட்பொருள். 2004 தேர்தல் தோல்விக்குப் பின் அச்சட்டம் கைவிடப்பட்டது. ஆனால் 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இன்றும் இருக்கிறது. அதன்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கே உரியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். இஸ்லாத்துக்கோ கிறித்தவத்துக்கோ போகிறவர் அத்தகுதியை இழக்கிறார். மதம் மாறும் உரிமை நம்முடையது. அதற்கு அபராதம் விதிக்கும் எந்தச் சட்டத்தையும் நாம் எதிர்க்கிறோம். முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்: போகலாம் தம்பி, அது உன் உரிமை.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். மௌதூதி 1903-இல் ஔரங்காபாத்தில் பிறந்தார். அன்று அது நிஜாம் ஆட்சிப் பகுதி. இளம் வயதிலேயே பத்திரிகையாளர். 1924-இல் துருக்கியில் கிலாஃபத் ஒழிக்கப்பட்டது. இந்தியாவில் ஆரிய சமாஜத்தின் சுத்தி இயக்கமும் அதற்கு எதிரான தப்லீக் இயக்கமும் ஆள் கணக்கு எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. இஸ்லாமியர் ஏன் வீழ்ந்தார்கள் என்பது அவர் தலைமுறையின் கேள்வி. ஒவ்வொரு நூற்றாண்டிலும் மார்க்கத்தைப் புதுப்பிக்கிற ஒருவர் வருவார் என்ற நபிமொழி இஸ்லாமிய மரபில் உண்டு. புதுப்பித்தல் தஜ்தீத், புதுப்பிப்பவர் முஜத்தித். பழைய உலமாக்களுக்கு அது பெரும்பாலும் வழிபாட்டையும் ஒழுக்கத்தையும் சீர்செய்வது. மௌதூதி அதை அரசு அதிகாரத்தோடு இணைத்தார். இறைவன் ஒருவனே என்பதற்கு, இறையாண்மையும் அவனுக்கு மட்டுமே என்று பொருள் சொன்னார். மனிதர்கள் தாங்களே சட்டம் இயற்றிக்கொள்ளும் அமைப்பு எதுவானாலும், அது மக்களாட்சியே ஆனாலும், அவர் பார்வையில் ஜாஹிலிய்யா, அதாவது அறியாமைக் காலத்தின் தொடர்ச்சி. 1941 ஆகஸ்டில் லாகூரில் ஜமாஅத்தே இஸ்லாமியைத் தொடங்கினார். எகிப்தில் 1928-இல் ஹசன் அல் பன்னா தொடங்கிய இஹ்வான் இயக்கத்துக்கும், 1966-இல் தூக்கிலிடப்பட்ட சையித் குதுபுக்கும் அவருடைய எழுத்துகள் போய்ச் சேர்ந்தன.

இதில் நம் மாணவரை ஈர்க்கும் இடம் எது என்று எனக்குப் புரிகிறது. மனிதனை மனிதன் ஆளக் கூடாது, எல்லோரும் இறைவனுக்கு மட்டுமே அடிமை என்கிறார் மௌதூதி. பிராமணனுக்கும் பண்ணையாருக்கும் அடிமையாக இருந்தவன் காதில் அது விடுதலையாகத்தான் விழும். ஆனால் இறைவன் நேரில் வந்து கையெழுத்துப் போடுவதில்லை. அவன் சட்டம் இன்னதென்று ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்பவரை மறுக்கும் உரிமை யாருக்கு என்பதுதான் கேள்வி. அவர் வரைந்த அரசில் இஸ்லாமியர் அல்லாதோருக்குப் பாதுகாப்பு உண்டு, வழிபாட்டுரிமை உண்டு, அரசின் திசையைத் தீர்மானிக்கும் இடத்தில் இடம் இல்லை.

இதைக் கருத்தளவில் மட்டும் பேச வேண்டியதில்லை. நம்மவர் ஒருவர் அந்த மண்ணில் வாழ்ந்து பார்த்தார். ஜோகேந்திரநாத் மண்டல், வங்காளத்து நாமசூத்திரர். 1946-இல் அம்பேத்கர் வங்காளத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட உழைத்தவர். சாதி இந்துக்களைவிட ஏழை இஸ்லாமியரே நமக்கு நெருக்கமானவர்கள் என்று நம்பிப் பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சரானார். அதே காலத்தில் பாகிஸ்தானிலிருந்து புறப்பட விரும்பிய தீண்டப்படாத மக்கள் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். துப்புரவுப் பணி நின்றுவிடும் என்பது காரணம். 1947 டிசம்பரில் அம்பேத்கர் நேருவுக்கு இதைப் பற்றிக் கடிதம் எழுதினார். தொழுகை வரிசையில் சாதி இல்லை என்று சொன்ன நாட்டிலும் மலக்கூடைக்கு நம் தலை தேவைப்பட்டது. 1949 மார்ச்சில், இறையாண்மை அல்லாஹ்வுக்கே உரியது என்ற குறிக்கோள் தீர்மானம் அங்கே நிறைவேறியது. அதற்காக முனைந்து குரல் கொடுத்தவர்களில் மௌதூதியும் ஒருவர். கிழக்கு வங்காளத்தில் தன் மக்கள் தாக்கப்பட்டதைத் தடுக்க முடியாத மண்டல், 1950 அக்டோபரில் பதவி விலகல் கடிதத்தோடு இந்தியா திரும்பினார்.

1953-இல் அஹ்மதியர்களை இஸ்லாமியர் அல்லாதோராக அறிவிக்கக் கோரி பஞ்சாபில் கலவரம் நடந்தது. அதை நீதிபதிகள் முனீரும் கயானியும் விசாரித்தார்கள். 1954-இல் வெளிவந்த அவர்கள் அறிக்கையில் ஒரு கேள்வி பதிவாகியிருக்கிறது. பாகிஸ்தானில் இஸ்லாமிய அரசு அமைந்தால், இந்தியாவில் இந்துக்கள் தங்கள் மதப்படி அரசமைக்க ஒப்புக்கொள்வீர்களா என்று மௌதூதியிடம் கேட்டார்கள். தாராளமாக என்றார். மனுவின் சட்டப்படி இந்திய இஸ்லாமியர்கள் சூத்திரராகவும் மிலேச்சராகவும் நடத்தப்பட்டு, ஆட்சியிலும் குடியுரிமையிலும் பங்கில்லாமல் போனாலும் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார்.

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். 1927 டிசம்பரில் மகாடில் அம்பேத்கரும் தோழர்களும் எரித்த மனுவை, இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் ஆட்சேபமில்லை என்று எடுத்துக் கொடுக்கிறார். கெட்ட எண்ணத்தால் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. தன் தத்துவத்துக்கு நேர்மையாகவே சொன்னார். ஒவ்வொரு மதமும் தன் அரசை அமைக்கலாம் என்றால் மனுவுக்கும் ஒரு அரசு கிடைத்தே தீரும். இந்து ராஷ்டிரம் பேசுகிறவர்களும் அவரும் எதிரெதிர் முகாம்கள்தான். ஆனால் மக்கள் கூடி எழுதிய சட்டத்துக்கு மேலே ஒரு புனிதச் சட்டம் வேண்டும் என்பதில் இருவரும் ஒன்று. அந்த ஒற்றுமையில் முதலில் அழிவது நாம்.

இங்கே நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னவனாவேன். இந்தியாவில் தங்கிய ஜமாஅத்தே இஸ்லாமி ஹிந்த் 1948-இல் தனி அமைப்பானது. தொடக்கத்தில் உறுப்பினர்கள் வாக்களிப்பதையே அது ஏற்கவில்லை. நெருக்கடி நிலையில் தடைசெய்யப்பட்டது. பிறகு படிப்படியாக வாக்களிப்பை அனுமதித்து, மதச்சார்பின்மையையும் அரசியல் சட்டத்தையும் காக்க வேண்டும் என்று பேசும் நிலைக்கு வந்தது. சிறுபான்மையாய் வாழ்ந்த அனுபவம் மௌதூதியைத் திருத்தி எழுதியது. பீகாரில் 1990களின் கடைசியில் எழுந்த பஸ்மாந்தா இயக்கம், இஸ்லாமியருக்குள் இருக்கும் அஷ்ரஃப் ஆதிக்கத்தை வெளிப்படையாகப் பேசியது. தமிழ்நாட்டிலும் தவ்ஹீத் இயக்கத்தவர் வரதட்சணைக்கு எதிராக மேடை போட்டார்கள். அது நல்ல காரியம். அவர்களே தர்கா வழிபாட்டை இணைவைத்தல் என்று கண்டித்தார்கள். திருமயம் பக்கம் உள்ள காட்டுபாவா பள்ளிவாசலுக்கு நம் பாட்டிமார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கலிமா தெரியாது, ஆனாலும் உள்ளே போக யாரையும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. தூய்மையைத் தேடும் மீட்டெழுச்சி முதலில் மூடுவது இப்படிப்பட்ட வாசல்களைத்தான்.

நம் வீட்டையும் பார்க்க வேண்டும். பண்டிதரும் ஒரு மீட்டெழுச்சியாளரே. 1898-இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907-இல் தொடங்கிய ஒரு பைசாத் தமிழனில் நாம் பூர்வ பௌத்தர்கள் என்று நிறுவினார். இழிந்தவன் என்று சொல்லப்பட்டவனுக்கு ஒரு பெருமைமிக்க நேற்றைக் கொடுத்தார். அதற்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். ஆனால் அந்தப் பொற்காலத்தின் வாசலில், நமக்கும் கீழே வைக்கப்பட்ட அருந்ததியர் போன்றோர் நிறுத்தப்பட்டார்கள் என்ற விமர்சனம் நம் அரங்குகளிலேயே எழுந்திருக்கிறது. அதைக் கேட்டுக் கோபப்படாமல் பதில் தேடுவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. பொற்காலம் ஒன்றைக் காட்டும் எந்த மீட்டெழுச்சியும் யாரையோ வெளியே நிறுத்துகிறது. அது யார் என்று கேட்கப் பழக வேண்டும்.

அம்பேத்கர் 1935-இல் இயோலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். மாறுவதற்கு 21 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். அதற்குள் அரசியல் சட்டம் எழுதினார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் ஏற்றபோது அதை நவயானம் என்றார், புதிய வழி. பழைய நூல்களில் அறிவுக்குப் பொருந்தாததை மறுத்தார். பௌத்த அரசு கேட்கவில்லை. மதத்தை மனசாட்சிக்கும், சட்டத்தை மக்கள் மன்றத்துக்கும் விட்டார். கடவுளின் சட்டத்தைத் திருத்த மனு போட முடியாது. நாம் எழுதிய சட்டத்தைத் திருத்தக் கேட்கலாம், தெருவில் இறங்கலாம், வழக்குப் போடலாம்.

அந்தச் சட்டம் நம்மைக் காப்பாற்றிவிட்டதா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். நாம் கூடியிருப்பது வேங்கைவயல் இருக்கும் மாவட்டத்தில். 2022 டிசம்பரில் நம் பிள்ளைகள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. அப்போது நேரில் வந்த ஆட்சியர் அங்கே கண்டது கோயிலுக்குள் போக முடியாத மக்களையும் டீக்கடையின் இரட்டைக் குவளையையும். 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, பாதிக்கப்பட்ட தரப்பைச் சேர்ந்த மூவரையே குற்றவாளிகள் என்றது. தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் அதை ஏற்கவில்லை. ஆகவே அரசியல் சட்டம் இருந்தால் போதும் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தக் குற்றப்பத்திரிகையைப் பொய் என்று சொல்ல முடிகிறது. மேல் விசாரணை கேட்க முடிகிறது. கேட்பவனை யாரும் மார்க்கத்தை விட்டு விலக்க முடியாது. அந்த உரிமையை இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டு வாங்குகிற சமத்துவம் எத்தனை நாள் நிற்கும்?

அந்தத் தம்பி இந்தக் கூட்டத்தில் இருக்கிறாரா தெரியவில்லை. இருந்தால் அவரிடம் சொல்ல விரும்புவது: நீ எந்த மதத்துக்கும் போ. போகுமுன் நான்கு விஷயங்களை விசாரி. அந்த ஊரில் தண்ணீர் ஒரே தொட்டியிலிருந்து வருகிறதா? செத்தால் ஒரே மையவாடியா? நேற்று வந்தவன் வீட்டிலும் பரம்பரை நாவிதர் வீட்டிலும் பெண் எடுக்கிறார்களா, கொடுக்கிறார்களா? தலைவர் சொல்வது தவறு என்று அந்தப் பெண்ணால் எழுந்து சொல்ல முடியுமா? இதே நான்கையும் நம் சேரியிலும், நம் இயக்கத்திலும், நம் பௌத்த விகாரையிலும் கேள். மௌதூதியையும் படி, முனீர் அறிக்கையையும் மண்டலின் பதவி விலகல் கடிதத்தையும் சேர்த்துப் படி. அடுத்த வாசகர் வட்டத்தில் அந்தக் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். இம்முறை கடைசிப் பேருந்து போனாலும் பரவாயில்லை, பேசி முடித்துவிட்டே கிளம்புவோம்.